யாரும் கத்தவில்லை

காஸ்ட்ரோ
14 மே 2018

எடெல்மிரா,

என் எண்ணை அடைத்துவிட்டாய். மின்னஞ்சல் போட்டால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. வழியை அடைப்பதில் உன்னை மிஞ்ச இந்தத் தீவில் ஆள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தபால்காரரை உன்னால் அடைக்க முடியாது. விலாசம் கொடுத்தது உன் அக்கா. அவளைத் திட்டாதே, நான்தான் நச்சரித்து வாங்கினேன்.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். கெனாக் தீவில் நம் வானொலியின் டவர் இருக்கிறதே, அதன் அடியில் உள்ள அறைக்குச் சாவி எங்கே? உன் மேசையைக் குடைந்து பார்த்துவிட்டேன். கேபிள் துண்டும் மிட்டாய்த் தாளும்தான் கிடைத்தன.

உன் இடத்துக்குப் புது ஆள் போடவில்லை. மேலாளர் ஆர்செனியோ என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் உட்காரச் சொன்னால் சம்பளம் கூட்டுவதற்கு இல்லை என்று உனக்கே தெரியும்.

"ஒரே பஸ்ல உனக்குப் பொண்டாட்டியும் போயிட்டா, எனக்கு ஆளும் போயிட்டா. சரி விடு. நீயும் கம்ப்யூட்டர், அவளும் கம்ப்யூட்டர். ரெண்டையும் நீயே பாத்துக்கயேன்" என்றார்.

"முதலாளி, ரெண்டும் வேற வேற. பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அது என் பாடு. ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொரு பெட்டிக்குப் போற வழி அவ பாடு. டாக்டரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் ஒண்ணா?"

"இதுல டிரைவர் யாரு?"

"அதை அவ காதுல விழற தூரத்துல சொல்ல மாட்டேன்."

சிரித்தார். சிரித்துவிட்டு உன் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். இப்போது ஏணியும் நானே, சர்வரும் நானே. நேற்று மாடியில் ஆன்டெனாவைத் திருப்புகிறேன் என்று சறுக்கி விழுந்தேன், பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் வேடிக்கை பார்த்தது.

மழை விடவே இல்லை. விறகு ஈரம். அடுப்பு புகைகிறது, சூடு கொடுக்க மாட்டேன் என்கிறது. உன் பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் இப்போது துடைப்பம் வைக்கிறார்கள். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

நிபால்டோ


புந்தா அரேனாஸ்
2 ஜூன் 2018

நிபால்டோ,

சாவி அச்சாவோ துறையில், எர்மெலிண்டா அம்மாள் கடையில், உப்புச் சாடிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போய் நின்றதும் சாவியைக் கேட்காதே. ஏதாவது வாங்கு, அவள் முழங்கால் வலியைக் கேள், அப்புறம் சாவியைக் கேள். நீ எந்த வாசலிலும் இப்படி நின்று பழகியவன் இல்லை. உன் பெட்டிகள் உன்னிடம் முழங்கால் வலி சொல்லாது.

டிரைவர் யார் என்று எனக்குக் காது கேட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேராவிட்டால் உன் டாக்டர் சுவருக்குத்தான் ஊசி போட வேண்டும்.

துடைப்பமா வைத்திருக்கிறார்கள்? நம் பையன் குரல் இருந்த இடத்தில்?

நம் தொழிலில் ஏதாவது விழுந்து நொறுங்கினால் மறுநாள் உட்கார்ந்து எழுதுவோம், யார் என்ன செய்தோம், எது எதற்குப் பிறகு நடந்தது என்று. இதற்கு மட்டும் நாம் எழுதவில்லை. நீ வாயைத் திறக்கவில்லை, நான் பாத்திரத்தை எறிந்தேன். இப்போது எழுதுகிறேன்.

ஃபெர்மின் இரண்டு கோடைக்காலம் நம் வானொலியில் தீவுச் செய்தி வாசித்தான். வழக்கமாக வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, சம்பளம் வேண்டாம் என்று இவன் போய் உட்கார்ந்தான். யார் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார், யார் வீட்டில் பசு கன்று போட்டது, எந்தப் படகுக்கு யார் துறையில் நிற்க வேண்டும், எல்லாம் அவன் வாயால்தான் தீவுகளுக்குப் போனது. மறு கோடை வருவதற்குள் மீன் பண்ணைப் படகு கவிழ்ந்தது. கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. கல்லறையில் நாம் வைத்தது ஒரு சட்டை. அவன் கைபேசியும் அவனோடு போனது. நம்மிடம் இருக்கிற குரல் என் பிறந்தநாள் வீடியோவில் "அம்மா, லென்ஸ்ல விரலை வைக்காத" என்பது மட்டும். அதுவும் பாதி காற்று.

நான்கு வருடம் கழித்து, நிலையத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறோம். மாடிப்படிக்குக் கீழே பெயர் ஒட்டாத ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. நான் கேபிளைப் பிடுங்கினேன். யாரும் கேட்கவில்லை. நீ அதன் டிஸ்க்கை அழித்தாய். சும்மா அழிக்கவில்லை, மேலே மேலே மூன்று தரம் எழுதி, திரும்ப எடுக்கவே முடியாதபடி அழித்தாய், அதுதான் முறை என்று.

கேபிளைப் பிடுங்கினால் எதுவும் சாகாது, நிபால்டோ. மறுபடி செருகினால் எழுந்து உட்காரும். என் வேலையில் எதையும் திரும்பச் செருகலாம். உன் வேலையில்தான் போனது போனதுதான். அந்த வித்தியாசத்தை நீ ஆர்செனியோவுக்குச் சொல்லவில்லை.

இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது. தெருமுனைகளில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருக்கிறார்கள். துறைமுகத்தில் கேபிள் வேலை. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நன்றாக இருக்கிறது.

எடெல்மிரா


காஸ்ட்ரோ
23 ஜூன் 2018

எடெல்மிரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மழையில் கடற்கரை வரை நடந்து போய், வீட்டுக்குள் திட்ட முடியாததை எல்லாம் அங்கே திட்டிவிட்டு வந்தேன். இது இரண்டாவது தாள். முதல் தாள் அடுப்பில்.

உன் அறிக்கை நன்றாக இருக்கிறது. கொஞ்சம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

நீ என் மேசைக்கு வந்து, "படிக்குக் கீழ ஒண்ணு ஓடுதே, உன்னுதா?" என்று கேட்டாய். என் பட்டியலில் இல்லை என்றேன். "அப்ப கத்தல் பரீட்சை வச்சுப் பாத்துரலாம்" என்றது யார்? கேபிளைப் பிடுங்கு, எவன் கத்துகிறானோ அவனுடையது, எவனும் கத்தாவிட்டால் தூக்கிப் போடு. உலகத்தில் நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் செய்வதுதான், நான் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்தோம். மாதம் முடிந்ததும் உன்னை நான் கேட்டேன், தேநீர்க் கோப்பை கையில் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. "யாராவது கத்துனாங்களா?" நீ சொன்னாய், "ஈ காக்கா கத்தல. எடுத்துக்கோ."

செத்துவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் நான் புதைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கம்பியில் எங்கே என்ன போகிறது என்று நாள் முழுக்கத் திரையில் பார்க்கிறவள் நீ. அந்தப் பெட்டியிலிருந்து எங்கேயோ ஏதோ போயிருக்கத்தானே வேண்டும்? அது உன் கண்ணில் படவே இல்லையா?

யாஸ்னா வந்த நாளை நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஃபெர்மினின் நினைவு நாள் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கிறோம். கெனாக்கிலிருந்து ஒரு பெண், கையில் துணி சுற்றிய மில்காவோ ரொட்டி, இன்னும் சூடு. ஃபெர்மினுக்குத் தெரிந்தவள் என்றாள். தெரிந்தவள் என்று சொன்னபோது அவள் காது சிவந்தது, நீயும் பார்த்தாய். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, அந்தப் பெட்டியை நிறுத்திட்டீங்கன்னு தெரியும். பரவால்ல. அதுல இருக்கறத மட்டும் எனக்கு ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா?"

"எந்தப் பெட்டிம்மா?" என்றாய் நீ.

"ஃபெர்மின் படிக்குக் கீழ வச்சானே. நான் அப்ப பாசி எடுக்கப் போயிட்டு ஏழு மணிக்கு மேலதான் கரை ஏறுவேன், அவன் வாசிக்கறதக் கேக்க முடியாது. அதனால எல்லாத்தையும் பதிஞ்சு வச்சான், நான் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துக் கேட்டுக்குவேன். உங்ககிட்ட சொல்லலையா? அப்பாவுக்குத் தெரிஞ்சா பட்டியல்ல ஏத்தச் சொல்வாருன்னு சிரிப்பான்."

நான் அந்த ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு கையில் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

என் பட்டியலுக்குப் பயந்து ஒளித்திருக்கிறான், எடெல்மிரா. அதை நீ சொல்லிக் காட்ட வேண்டாம். எனக்கே தெரியும்.

நிபால்டோ


புந்தா அரேனாஸ்
15 ஜூலை 2018

நிபால்டோ,

கண்ணில் பட்டது.

நீ கேட்டதற்குப் பதில் அதுதான். மூன்று வாரமாக இந்த ஒரு சொல்லை எழுதாமல் தள்ளிப்போட்டேன். கெனாக் பள்ளிக்கூடத்துக்கு நம் டவர் வழியாகத்தான் இணைப்பு, உனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சாயங்காலம், வீடுகளில் தேநீர் போடும் நேரத்துக்கு, என் திரையில் அந்த இணைப்புக்கான கோட்டில் ஒரு சின்ன மேடு எழும்பும். அப்புறம் இறங்கிவிடும். வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கும். புயலடித்த நாளில்கூட அந்த மேடு வந்துவிட்டால் கெனாக் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, நான் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது, அது என் தொழில் இல்லை. ரோடு போடுகிறவள் வண்டியை நிறுத்தி மூட்டையைப் பிரிக்கமாட்டாள். உன்னைக் கேட்டிருக்கலாம். "கெனாக்ல யாரோ தினமும் நம்ம கிட்டேர்ந்து எதையோ எடுக்கறாங்க, அது என்ன?" என்று ஒரு வார்த்தை. நீயும் என்னைக் கேட்டிருக்கலாம், "இந்தப் பெட்டி யார்கிட்ட பேசுது?" என்று. பெட்டியின் உள்ளே போகத் தெரிந்தவன் நீ, அது எங்கே பேசுகிறது என்று தெரிந்தவள் நான். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.

கேபிளைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் அந்த மேடு வரவில்லை. கட்டட மாற்றத்தில் எல்லாக் கோடும் தாறுமாறாக இருந்தது, நான் பொருட்படுத்தவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன். விடுமுறை இல்லை.

நம் பையன் நான்கு வருடம் என் கண் முன்னால் தினமும் போய் வந்திருக்கிறான். நான் அவன் மேல் ரோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ உன் அறிக்கையை முடித்துவிட்டாய். எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. நான் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்கு வந்தாய். என் பெட்டியைத் தூக்கி வைத்தாய். வழியில் தின்ன ரொட்டி வாங்கிக் கொடுத்தாய். கண்ணாடிக்கு வெளியே நின்றாய். பேருந்து ரிவர்ஸ் எடுக்கும் வரை நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கப்புறமும் நான் எண்ணை அடைக்க ஒரு வாரம் பொறுத்தேன், அது உனக்குத் தெரியாது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு நானே காத்திருந்தேன். நான் யாருடையவள் என்று தெரிந்துகொள்ள.

எடெல்மிரா


காஸ்ட்ரோ
11 ஆகஸ்ட் 2018

எடெல்மிரா,

போன வாரப் புயலில் கெனாக் டவர் படுத்துவிட்டது. உன் வேலை, ஆகவே என் வேலை. எர்மெலிண்டா அம்மாள் கடைக்குப் போனேன். சொன்னபடி நின்றேன். முழங்கால் வலி கேட்டேன், இரண்டு முழங்காலுக்கும் கேட்டேன். ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிய பிறகுதான் சாவி வந்தது. வெங்காயத்தோடு படகில் போன முதல் சர்வர்காரன் நானாகத்தான் இருப்பேன்.

டவர் அறையில் உன் கையெழுத்து. ஒவ்வொரு கேபிளிலும் ஒரு துணித் துண்டு கட்டி, எது எங்கே போகிறது என்று எழுதி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டேதான் சரிசெய்தேன். இல்லாவிட்டால் அந்தத் தீவு இன்னும் ஊமையாகத்தான் இருக்கும். நீ செய்கிற வேலை என்ன என்று இத்தனை வருடத்தில் அன்றுதான் குளிரில் விரல் மரத்துப்போய்த் தெரிந்துகொண்டேன்.

முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாஸ்னா இப்போது அங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, குடிக்கச் சூடாக மாத்தே கொடுத்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

"ஏம்மா, பெட்டி நின்ன அன்னைக்கே ஒரு போன் போட்டிருக்கலாமே? ஒரு சத்தம் கொடுத்திருந்தா அன்னைக்கே செருகியிருப்போம்."

அவள் அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி, போதும்னு நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன் மாமா. பெத்தவங்க நீங்க. உங்களால கேக்க முடியல போலன்னு நெனச்சேன். நான் யாரு, கத்தறதுக்கு?"

அந்த ஒரு மாதமும் சாயங்காலமானால் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். திரையில் ஒன்றும் வராது. எழுந்து போய்விடுவாள்.

யாருக்கு அது உயிரோ அவள்தான் கத்தவில்லை, கிழவி. கத்துவது அவரவர் குணம் என்று நாம் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஆர்செனியோவுக்குப் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் கட்டடமே அதிரும்.

அப்புறம் அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். தினமும் கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடமாம். கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஃபெர்மின் எப்படி வாசிப்பானோ அப்படியே:

"கெனாக் தீவு, குவெனுமன் குடும்பத்துக்கு. அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வியாழக்கிழமை படகுல வர்றார். குதிரையோட துறையில நிக்கவும்."

இங்கே நிறுத்தினாள். "பேப்பர்ல இவ்வளவுதான் இருக்கும் மாமா. அவன் சும்மா இருக்க மாட்டான், சேத்துப்பான். 'நல்ல சாதுக் குதிரையாப் பாத்துக் கொண்டாங்க. பெரியவருக்குத் தையல் போட்டிருக்கு, சொல்ல வெக்கப்படுவார்.'"

பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பானே, சின்ன வயதிலிருந்தே, ஏதோ தண்ணீரில் குதிக்கப் போகிறவன் மாதிரி. தீவின் பெயருக்கு முன்னால் அதையும் இழுத்தாள். நான் எழுந்து வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் பையன் இப்படியெல்லாம் சேர்த்து வாசித்தான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கோடையும் அவன் வாசித்த நேரத்தில் நான் சர்வர் அறையில், விசிறிச் சத்தத்தில் இருந்தேன். நீ ஏதோ ஒரு டவரின் மேலே இருந்தாய். அவன் குரலை நாம் இருவரும்தான் தீவு தீவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கேட்டது மட்டும் இல்லை.

குரல் போய்விட்டது. அதைக் கொண்டுவர எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. மூன்று தரம் எழுதி அழித்தேன். அது என் வேலை, என் கை. உன் கை இல்லை.

பேருந்து நிலையத்தைப் பற்றி. நீ யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் என்னைப் பொறுக்க முடியாமல் போகிறாய் என்று தோன்றியது. பிள்ளையை இரண்டாம் முறை தொலைத்தவன் நான், நில் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நினைத்தேன். வாயில் ஒரு வார்த்தை இருந்தது. ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. தாமதம்தான், தெரியும். மாதம் முடிந்து, அப்புறமும் எவ்வளவோ ஆகிவிட்டது. நீ என்னைத் தூக்கிப் போட்டிருந்தால் அதுதான் முறை.

ஆனாலும் கத்துகிறேன். எடெல்மிரா, நீ இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் ஓடவில்லை. வா.

நிபால்டோ


புந்தா அரேனாஸ்
1 செப்டம்பர் 2018

நிபால்டோ,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அந்த மேட்டைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்காமல் வீட்டுக்கு வந்த என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன் முறை அதற்கப்புறம். இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

வெங்காயம் முளைவிட்டிருக்கும். அழுகினதை எடுத்துப் போடு. விறகை அடுப்புக்குப் பின்னால் அடுக்கினால் காயும் என்று இத்தனை வருடமாகச் சொல்கிறேன்.

மறுபக்கத்தில் எழுதியிருப்பதைத் தீவுச் செய்தியில் வாசிக்கக் கொடு. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் நம் ஊரில் வருகிறவர்கள் இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். நாம் ஒருநாளும் எங்கும் போனதில்லை, அதனால் நமக்கு யாரும் வாசித்ததில்லை.

"காஸ்ட்ரோ, நிபால்டோ ஒயர்சுனுக்கு. எடெல்மிரா இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை பேருந்தில் வருகிறாள். நிலையத்தில் நிற்கவும்."

பேப்பரில் இவ்வளவுதான். இதற்கு மேல் ஃபெர்மின் என்ன சேர்த்திருப்பான் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை.

யாஸ்னாவை வாசிக்கச் சொல். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கிழவி